மைக்கில் விழுந்த இருமல்

பாப்பாவோட அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியமா? உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வருது. போன்ல சொன்னா நீ அழுவே, அதான் எழுதுறேன்.

எங்க லாண்டரியில ஒரு கூத்து நடந்தது. காசநோய் பத்திச் சொல்ல ஒரு நர்ஸ் வந்தாங்க. அவங்க கொண்டுவந்த நோட்டீஸ்ல இருந்த அச்சுத் தமிழ் ஒருத்தனுக்கும் புரியலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு உங்கம்மா என்னைக் கிண்டல் பண்ணுவாங்களே, அந்த வாயை, நம்ம பேச்சுல சொல்லிப் பதிவு பண்ண, மைக் முன்னாடி உட்கார வச்சுட்டாங்க. "ரெண்டு வாரமா இருமுறியா? தூசின்னு சாக்கு சொல்லாதே. சளியைக் கொடுத்துப் பாரு. டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்திரையை விடாம போட்டா சரியாகிடும்"னேன். நடுவுல இருமிட்டேன். நடிப்பு பிரமாதம்னு அதை வெட்டாம வச்சுட்டாங்க. தினமும் சாப்பாட்டு நேரத்துல ஸ்பீக்கர்ல போடுறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க.

அது நடிப்பு இல்லை. சளியைக் கொடுத்தேன், நோய் இருக்குன்னு வந்துடுச்சு. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. தனி அறை கொடுத்திருக்காங்க. ஜன்னல் வழியா என் குரலே கேட்குது. யாரோ பேசுற மாதிரி இருக்கு.

லீவுல வந்தப்பவே எனக்கு இருமல் இருந்தது. பாப்பா என் நெஞ்சு மேலேயேதான் தூங்குனா. இது கையில கிடைச்சதும் நீ, பாப்பா, உங்கம்மா மூணு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிச்சுக்கோங்க.

நர்ஸ் மாத்திரையோட வந்துட்டாங்க. பாப்பா பேசுறதைப் பதிஞ்சு அனுப்பு. நடுவுல இருமினா வெட்டிடாதே.

பாப்பாவோட அப்பா