ஒரு கேள்விக்கு ஏழு பக்கம்

ஒத்தக்கடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உன் அம்மாவும் சுகமாக இருக்கிறாள் என்பதைச் சட்டமன்ற நேரலையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டப்ளின் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று எழுது.

அம்மா எம்.எல்.ஏ. ஆன பிறகு வந்திருக்கும் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் இது. காலையில் கேள்வி நேரம், அப்புறம் மானியக் கோரிக்கை, எம்.எல்.ஏ. விடுதிக்குத் திரும்பினால் அங்கே தொகுதி ஆட்கள் என்று அவளுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. இங்கே வாசலுக்கு வருகிற மனுக்களை வாங்கி வைப்பது என் உத்தியோகம். அப்படித்தான் நல்லகாமன் என்பவர் மகள் செல்லக்கிளியோடு வந்தார். ஒத்தக்கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவர் ஊர். சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டதால் அந்தப் பிள்ளை கல்லூரி விட்டு ஆளில்லாத கண்மாய்க்கரையில் நடந்தே போகிறது. "பஸ் வரலைன்னா படிப்ப நிப்பாட்டிருவேன் சார், வேற வழியில்ல" என்றார்.

முந்தின வாரம் வியாழக்கிழமை கேள்வி நேரத்தில் இதைக் கேட்க அம்மாவுக்கு வாய்ப்பு வந்தது. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் சும்மா இருப்பேனா, ஏழு பக்கம் எழுதி அனுப்பினேன். பெண்கல்வியின் மாண்பில் தொடங்கும், நான்காம் பக்கத்தில்தான் பஸ் வரும். நல்லகாமனைக் கூப்பிட்டு உட்காரவைத்து டிவி பார்த்தோம். அம்மா எழுந்தாள், ஊர்ப் பெயரைச் சொன்னாள், பஸ் எப்போது வரும் என்றாள், அவ்வளவுதான். அமைச்சர், பரிசீலிக்கப்படும் என்றார். அம்மா உட்காரவில்லை. "பரிசீலன முடியுற வரைக்கும் அந்தப் பிள்ளைக எப்படி வீட்டுக்குப் போறதுன்னு மாண்புமிகு அமைச்சர் சொல்லட்டும், நான் அப்படியே ஊர்ல போய்ச் சொல்லிர்றேன்" என்றாள். அவை சிரித்தது, அமைச்சரும் சிரித்துவிட்டார், திங்கட்கிழமையே பஸ் ஓடும் என்று அறிவித்தார். நல்லகாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், நீங்க எழுதுனது எங்க வந்துச்சு?" என்று கேட்டார். உட்பொருளாக வந்தது என்றேன்.

திங்கட்கிழமை சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் பஸ்ஸைக் காணோம். நானும் செல்லக்கிளியும் ஒத்தக்கடை ஸ்டாப்பில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் ஒருவழியாக வந்தது. செல்லக்கிளி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். எம்.எல்.ஏ. சார்பில் நானும் ஏறிக்கொண்டேன். ஊரில் எனக்குத் துண்டு போர்த்திக் கலர் சோடா கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தால் பஸ்ஸில் டிரைவரைக் காணோம். அது அங்கேயே நின்று காலையில்தான் கிளம்புமாம். அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏழு பக்கம் எழுதுனீங்களே, திரும்பி வர பஸ் இருக்கான்னு ஒரு வரி கேக்கலையா?" என்றாள். அந்த ஊர்ப் பால்காரர் விருமாண்டியின் பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

டூட்டிக்குப் போகும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கழிக்காதே. ஆண்டவர் எப்போதும் உன் கூட இருந்து காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, அம்மா போனில் இந்தப் பால் வண்டிக் கதையைச் சொன்னால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கேள். மூன்று வாரமாக அலுத்துப்போய்ப் பேசியவள், இதைச் சொல்லும்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

உன் பிரியமுள்ள அப்பா,
ராயப்பன்