திரையின் மூலையில் நான்

மார்ச் 4, செவ்வாய்

கருநீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. நாளை முதல் மூன்று நாள் கட்சியின் தேசிய மாநாடு. டிவித் திரையின் மூலையில் நின்று, மேடைப் பேச்சு முழுவதையும் சைகை மொழியில் சொல்வது என் வேலை. தம்பி குடும்பத்தோடு பார்ப்பானாம். அவனுக்கும் அவன் மனைவிக்கும் காது கேட்காது. அவள் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள்.

மார்ச் 5, புதன்

மதியம் இளைஞரணிச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "அக்கரைக்காரன் கரையான் மாதிரி, உள்ளேயே இருந்து அரிக்கிறான். நான் விரட்டியே தீருவேன்!" ஒரே கைதட்டல்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்கள் எங்கள் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டவேண்டும். சைகையில் குரல் என்பதே முகம்தான். அவர் பல்லைக் கடித்தால் நானும் கடிக்கவேண்டும். கடித்தேன்.

"அக்கா, பின்னிட்டீங்க!" என்றார் ஒளிபரப்பு இயக்குநர். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சீ.

மார்ச் 6, வியாழன்

இடைவேளையில் தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவன் மகளுக்கு ஆறு வயது, காது நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த வீட்டு டிவிக்குச் சத்தம் வைக்கும் பழக்கமே இல்லை. அவள் பார்த்தது என்னை மட்டும்தான்.

"அத்தை, அம்மாவை எப்போ விரட்டப் போறீங்க?"

தம்பி மனைவியிடம் விளக்கக் கையைத் தூக்கினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்காதவளிடம் சைகையில் என்னத்தைப் பேசுவது?

தம்பி கைகளால் சொன்னான்: "விதி எங்களுக்கும் தெரியும்க்கா. ஆனா அது உன் மூஞ்சிதானே?"

பேசினவர் பேசிவிட்டு ஹாயாக ஜூஸ் குடிக்கிறார். எதிர்க்கட்சி மாநாட்டில் இதே பேச்சை இக்கரைக்காரர்கள் மேல் திருப்பிப் போட்டுப் பேசுகிறார்களாம். இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?

மார்ச் 7, வெள்ளி

தலைவர் பேச்சு, ஐம்பது நிமிஷம். அக்கரைக்காரர்களைப் பற்றி அவர் 'நான்' என்றபோதெல்லாம் என் நெஞ்சைத் தொடவில்லை. மேடைப் பக்கம் விரலை நீட்டினேன். அவர் சொல்கிறார். அவர் சொல்கிறார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை, சத்தியமாக.

காதில் மாட்டியிருந்த இயர்போனில் இயக்குநர் கத்தினார்: "அக்கா, என்ன பண்றீங்க? யாரைக் காட்டுறீங்க?"

பேசுகிறவரைத்தான்.

மார்ச் 8, சனி

'இனி வரவேண்டாம்' என்று டிவி நிலையத்திலிருந்து ஒரு வரித் தகவல். பதினாறு வருஷம்! விதியை மீறியது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரையே பிரித்துப் பேசினவருக்கு மாலை, விரலை நீட்டினவளுக்கு வேலை இல்லை. என்ன நியாயம் இது?

மார்ச் 11

யாரும் கூப்பிடவில்லை. தம்பியும், வீடியோவில்கூட.

மார்ச் 16, ஞாயிறு

பொறுக்க முடியாமல் நானே போனேன். கதவைத் திறந்தது தம்பி மனைவி. சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, என் கைகளையே பார்த்தாள்.

சின்னவள் நடுவில் புகுந்து அம்மா பக்கம் விரலை நீட்டினாள், வெள்ளிக்கிழமை நான் நீட்டினது போலவே. "அம்மா சொல்றாங்க, உள்ளே வாங்க."

தம்பி மனைவி அந்த விரலை மெல்லத் தட்டிவிட்டாள். தன் நெஞ்சைத் தொட்டாள்.

"நான்தான் சொல்றேன். வாங்க அண்ணி."