சேவ் ஆயிடுச்சுன்னு சொன்ன பெட்டி

மாமே,

இன்னிக்கு வானகரத்துல ஒரு கம்பெனிக்கு, ஃபைலெல்லாம் சேர்த்து வைக்கிற புது டிஸ்க் பெட்டி மாட்டிக்கினு இருந்தேன். திரையில அந்தக் கேள்வி வந்துச்சு: ரைட் பேக்கா, ரைட் த்ரூவா? கை அப்படியே நின்னுடுச்சு.

ரைட் பேக் போட்டா வேகம். டிஸ்க்குல எழுதறதுக்கு முன்னாடியே, தன் நினைவுல வாங்கி வச்சுக்கினு "சேவ் ஆயிடுச்சு"ன்னு சொல்லிடும் பெட்டி. நடுவுல கரண்டு போனா, உள்ளே இருக்கிற சின்ன பேட்டரிதான் அதைக் காப்பாத்தணும். ரைட் த்ரூன்னா டிஸ்க்குல எழுதி முடிச்சப்புறம்தான் சொல்லும்; மெதுவு, ஆனா பொய் இல்ல. எங்க போனாலும் நீ முதல்ல அதைத்தான் பார்ப்பே. "பேட்டரி இல்லாத பெட்டி பொய் சொல்லும் மாமே"ம்பே.

நம்ம அம்பத்தூர் ஆபீஸ் பெட்டியில பேட்டரி உப்பிப்போனதும், நீயே கழட்டிட்டு ரைட் த்ரூவுக்கு மாத்தி விட்டே. அப்புறம் தொண்டைப் புத்துன்னு ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பிச்சே. அந்த நேரம் பார்த்து, டிராயிங் சேவ் ஆக லேட்டாவுதுன்னு முதலாளி வேற ஆளை வச்சு ரைட் பேக் போட்டுட்டாரு. உனக்கும் சொல்லல, எனக்கும் சொல்லல. பாவி மனுஷன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம். இனிமே குரல் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊட்ல சத்தமா கீதுன்னு ஆபீஸுக்கு வந்து, கதவைச் சாத்திக்கினு உன் கைக்குழந்தைக்குப் பேசி அந்தப் பெட்டியில பதிஞ்சு வச்சே, வளர்ந்தப்புறம் கேக்கட்டும்னு. வெளியே வந்தப்ப கண்ணு செவந்திருந்தாலும் முகத்துல ஒரு நிம்மதி. நாம படி இறங்கறதுக்குள்ள கரண்டு போச்சு. யூபிஎஸ்ஸும் காலை வாரிடுச்சு.

"நான் செட் பண்ண பெட்டி மாமே, ஒண்ணும் ஆவாது"ன்னே.

கரண்டு வந்தப்புறம் நான் போய்ப் பார்த்தா, ஒண்ணுமே இல்ல. டிஸ்க்கையெல்லாம் கழட்டி எவ்வளவோ தேடினேன். எழுதவே எழுதாததை எங்கேருந்து எடுக்கிறது? ஆஸ்பத்திரியில உன்கிட்ட சொன்னப்ப, குரல் இல்லாத நீ என் முதுகைத் தட்டிக் குடுத்தே. அதைத்தான் இன்னும் தாங்க முடியல.

இன்னிக்கு ரைட் த்ரூதான் போட்டேன். மெதுவா கீதேன்னு கடுப்படிச்சாங்க. அடிக்கட்டும். அதனால உன் பேச்சு ஒண்ணும் திரும்பி வந்துடப் போறதில்ல.

நீதான் இல்லாம போயிட்டே. உன் பொண்ணு இப்போ ஸ்கூலுக்குப் போவுது. உன் குரல்னு அதுக்கு மிஞ்சினது, என் போனுக்கு நீ எப்பவோ பேசி அனுப்பின ஒரு துண்டுதான்: "மாமே, சர்வர் ரூம் சாவி எங்க வச்சே?" போன ஞாயித்துக்கிழமை திருமுல்லைவாயில்ல உங்க ஊட்டுக்குப் போனப்ப, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச்சு. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பாவுக்குச் சாவி கிடைச்சுதா மாமா?"ன்னுச்சு.

கிடைச்சுது கண்ணுன்னேன். வேற இன்னா சொல்றது? அந்த ஆபீஸையே இழுத்து மூடியாச்சு. சாவி மட்டும் இன்னும் என் வண்டிச் சாவியோட தொங்கிக்கினு கீது.