ஆகாசத்தில் இருப்பவருக்குச் சொல்லாத சேதி

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
18-11-1954

என் பிரியமுள்ள அத்தானுக்கு ஞானபாக்கியம் எழுதிக்கொண்டது. உறையின் மேல் எழுதியபடி, விமானத்தை இறக்கி, அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் இதைப் பிரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இப்போதே மடித்து வைத்துவிடுங்கள்.

சிங்கப்பூர்க் கம்பெனியில் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல சம்பளம், குடியிருக்க வீடு, ஆலிஸுக்கும் இன்னாசிக்கும் கான்வென்ட் படிப்பு. குடும்பத்துக்கு நல்லதுதானே என்று மூன்று கடிதத்திலும் கேட்டுவிட்டீர்கள். நான் பதில் சொல்லாமலே இருந்தேன்.

ஆலிஸ் சுகம். முன்பல் இரண்டு விழுந்து, ஜெபம் சொல்லும்போது காற்றுதான் வருகிறது. உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. ஆனாலும் மீன் ஏலத்துக்குப் போவதை நிறுத்த மாட்டேன் என்கிறார். மழை பிடித்துக்கொண்டது.

இன்னாசிக்குத் தொண்டை வலி என்று போன மாதம் எழுதினேன். அது தொண்டை அடைப்பான். அத்தான், நம் பிள்ளை இப்போது இல்லை. அக்டோபர் இருபத்தேழாம் தேதி காலையில், ஆஸ்பத்திரியில், என் மடியிலேயே போய்விட்டான்.

தந்தி கொடுக்க ஓடினேன். அத்தை குறுக்கே நின்று, "கடலுக்குப் போனவனாண்ட கெட்ட சேதி போவக் கூடாதும்மே. போனா கட்டுமரம் கவுந்துபூடும். ஆகாசத்துல கீறவனுக்கு மட்டும் வேற நாயமா?" என்று கதறினார். நானும் குப்பத்தில் பிறந்தவள்தானே. அப்பா கடலில் இருக்கும்போது என் அம்மா வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று பயந்து, எழுதிய தந்தியைக் கிழித்துப் போட்டேன். அதற்கடுத்த கடிதத்தில் 'பிள்ளைகள் சுகம்' என்று பொய்யும் எழுதினேன்.

கல்லறைத் திருநாளன்று அவன் குழியில் மண்கூட இறுகவில்லை. நீங்கள் ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தியை ஆலிஸ் ஏற்றினாள். மழையில் அது நிற்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. பிள்ளைகளுக்காகத்தான் போகிறேன் என்றீர்களே. என் மேல் அதைவிடக் கோபம். பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி மண் போட விடாமல் உங்களைத் தடுத்தவள் நான். அதற்கு நீங்கள் எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கம்பெனித் தாளில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப என்னால் முடியவில்லை. ஆலிஸ் படிக்க வேண்டுமே, அதனால் அந்த வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இவனை இங்கே தனியே விட்டுவிட்டுக் கப்பலேறவும் மனம் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்கு வாருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும்போது விமானத்தை நீங்கள் ஓட்டாதீர்கள். வேறு யாராவது ஓட்டட்டும். பின்னால் எல்லோரையும் போல உட்கார்ந்து, மீனம்பாக்கம் வரும்வரை அழுதுகொண்டே வாருங்கள். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஞானபாக்கியம்