இன்னும் இரண்டு ஓலை

கர்த்தருக்குள் என் கண்ணான மகள் ஸ்டெஃபிக்கு, போலாரத்திலிருந்து அம்மா ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் ரூம்காரிகள் பார்ப்பார்கள். அதனால்தான் மஸ்கட் வரும் பூர்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

அண்ணனுக்கு மாரடைப்பு என்றேனே, அது ஊருக்குச் சொன்னது. கச்சிபௌலி ஆபீஸிலிருந்து வந்த ஜாய்சன், நெஞ்சு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றான். ஆஸ்பத்திரியில் விலாவில் குழாய் போட்டார்கள். அத்தனையும் ரத்தம், ஸ்டெஃபி! அடிபடவில்லை, விழவில்லை. உடம்பெல்லாம் பால்காப்பி நிறத் தேமலும் சின்னச் சின்னக் கட்டியும் இருக்கிறதே, அந்த நரம்புக்கட்டி வியாதிதானாம். உன் அப்பா வழி வந்த சனியன். ரத்தக்குழாயை நைந்துபோக வைத்துத் தானாக வெடிக்கவிடுமாம். ஆபரேஷனுக்கு எடுக்கும் முன்பே போய்விட்டான். என் வயிறு எரிகிறது.

அடக்கத்துக்கு வராதே என்று தடுத்ததற்குக் கோபப்படாதே. நீ புரண்டு அழுதால் சட்டைக்கை விலகும், மாப்பிள்ளை வினய் வீட்டார் பார்ப்பார்கள். அண்ணனுக்கே பெட்டியில் கோட்டு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். கூடாது என்றேன். போன ஞாயிறு சர்ச்சில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று; மூன்று ஞாயிறும் தடை வராமல் வாசித்து முடித்தால்தானே கல்யாணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டபோது உன் அண்ணி ஆக்னஸையே முறைத்துக்கொண்டிருந்தேன். புருஷனை முழுங்கினவள், வாயைத் திறக்கவில்லை. அவள் போனும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலேயே அவள் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த வியாதி இருந்தால் உடனே நெஞ்சை ஸ்கேன் எடுக்க வேண்டும், யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டார். "ஹவ், ஆமாம் டாக்டர், இவர் தங்கச்சிக்கும்..." என்று ஆரம்பித்தாள். நறுக்கென்று கையைக் கிள்ளினேன். இவன் எனக்கு ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று போனில், இடது பக்கம் முதுகு பிடிக்கிறது, படி ஏறினால் மூச்சு இரைக்கிறது என்றாயே, அது வாயு. ஓமத் தண்ணீர் குடி. டாக்டரிடம் போய்விடாதே, சட்டையைக் கழற்றச் சொல்வார்கள், சீட்டில் எழுதிவிடுவார்கள். இன்னும் இரண்டு ஓலைதான். பல்லைக் கடித்துக்கொள். தாலி ஏறிய பிறகு வினய் கூட்டிப்போய்க் காட்டட்டும்.

கல்யாண ரவிக்கைக்கு முழுக்கை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் உனக்கு நீடித்த ஆயுசைத் தந்து, நல்லபடியாக என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக. வந்துவிடு கண்ணே, எனக்கு இனி நீ ஒருத்திதான்.

ஜெபத்தோடு,
உன் அம்மா பேபி