வரவு என்றால் ஓட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கூப்பிட்டபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அண்ணன், மேல்வீட்டுத் தையல்காரர், ஊசியில் நூல் கோர்க்க எங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு இறங்கி வந்திருந்த அவர் மனைவி, அப்புறம் உன் மகள் கட்டெறும்பு. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்த அலறலைப் பற்றி உன் அண்ணன் ஒரு மாதிரி சொல்வார், தையல்காரர் மனைவி கண், காது, மூக்கு வைத்து வேறு மாதிரி சொல்வாள். நடந்ததை நடந்தபடி என்னிடமிருந்து தெரிந்துகொள்.

நர்ஸ் படிப்பு முடிந்து அடுத்த மாதம் வருகிறேன் என்று நீ சொன்னாய் அல்லவா? உன் அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏய் கட்டெறும்பே! அம்மா வரப்போறாடி!" என்று கத்தினார். அவ்வளவுதான். குழந்தை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம். மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "வேணாம், வேணாம்" என்று வீடு இடிகிற மாதிரி அலறினாள். போனைத் துண்டித்தது நான்தான். நீ அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமே என்றுதான்.

இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவளுக்கு எதற்குத்தான் பயமில்லை? அவள் தும்மினால் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொள்வாள்; அடுத்தவர் தும்மப் போனால் கதவுக்குப் பின்னால் ஒளிவாள். பாத்ரூம் குழாய் என்றால் கிலி. முன்கூட்டியே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் குளிப்பாள். கேஸ் சிலிண்டர்காரர் தெருமுனையில் இருக்கும்போதே என் முந்தானைக்குள் போய்விடுவாள். கொடியில் காய்கிற தன் காலுறையைப் பார்த்து, "என் காலு தொங்குது" என்று ஒரு நாள் முழுக்க அழுதாள்.

உடைந்த பிஸ்கட்டைத் தொடமாட்டாள். "ஒட்டு" என்பாள். நானும் எச்சில் தொட்டு ஒட்டினமாதிரி சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கோடு தெரியுது" என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்தாயா! உன் அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்த ஆள் தேடுகிறார்களாம், இவளை அனுப்பலாம்.

இவ்வளவு பயந்தாங்கொள்ளிக்குக் கரண்ட் போனால் மட்டும் பயமில்லை. ஊரே "ஐயோ" என்னும். இவள் இருட்டில் உட்கார்ந்து கைதட்டுவாள்.

காலையில் நான் கண்ணை மூடிக் கும்பிடும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "சாமி, எல்லாரையும் காப்பாத்து" என்று நான் முடித்ததும், அவள் ஆரம்பிக்கிறாள்: "வாளியக் காப்பாத்து. செருப்பக் காப்பாத்து. மாமா மீசையக் காப்பாத்து. ஈ வேணாம்." எனக்குச் சிரிப்பை அடக்கவே தனியாக ஒரு வேண்டுதல் வைக்க வேண்டியிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. 

உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். காலுறை விஷயத்தில் சிரித்தேன். பிஸ்கட்டில் இன்னும் சிரித்தேன். அப்புறம் திரும்பவும் மேலே போய் முதல் பாதியைப் படித்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதே என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். வேறு எங்கே வைப்பது அண்ணி?

நான் கிளம்பும்போது அவள் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அவள் அப்பா கப்பலை விட்டு இறங்க இன்னும் எத்தனையோ மாதம் ஆகும். நான் வாரம் ஒரு முறை போனில் கேட்கிற ஒரு குரல். நான் ஊசி போடுகிறவள் என்று யாராவது சொல்லிவிட்டார்களா? என் குரல் பயமாக இருக்கிறதா? என் போட்டோவைக் காட்டினால் என்ன செய்கிறாள்?

இங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். உங்களிடம் நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை, அங்கேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அவள் ஏறுவாள் என்று ஜன்னலுக்குக் கம்பி போட ஆள் சொல்லியிருந்தேன். நேற்று அவர் வந்து நின்றார். அவசரமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். அவள் உங்களிடமே இருக்கட்டும். அலறுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்குக் கை எழாது. எனக்குப் பெற்ற உரிமை இருக்கலாம். அவளுக்கு வீடு நீங்கள்தான். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சாமியிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் விருந்தாளி மாதிரி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுச் சில நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். 'சரி' என்பது ஒரு சொல். பேனாவைத் திறக்க வேண்டியது, எழுத வேண்டியது. தபால்காரர் இரண்டு முறை வாசலைத் தாண்டிப் போனார். நான் எழுதவில்லை. அதற்குள் ஒன்று நடந்தது, கேள்.

சாயங்காலம் தையல்காரர் வந்திருந்தார். உன் அண்ணன் அச்சகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பல் டாக்டருக்குப் பலகை அடித்துக் கொடுத்ததில் ஒரு கால் அதிகமாகி, 'பால் மருத்துவர்' என்று விழுந்துவிட்டதாம். காலையில் ஒரு அம்மா தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றாளாம். தையல்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஐயோ, சிரிப்பு சிரிப்பா வருதுய்யா!" என்றார்.

கட்டெறும்பு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் ஓடினாள்.

அந்தப் பார்வைதான் எனக்கு உறைத்தது. நானும் குனிந்து உள்ளே தலையை விட்டேன்.

"யாருடி வர்றா?"

"சிப்பு."

"சிப்பு யாரு?"

"தெய்யாது. வதுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புடிச்சிக்கும்" என்றாள்.

எனக்கு அப்படியே தலையில் குட்டினமாதிரி இருந்தது. சாப்பிட அடம் பிடிக்கும்போது இந்த வீட்டில் என்ன சொல்கிறோம்? ஒரு வாய்க்கு ஒருத்தரை வரவழைக்கிறோம். "பூச்சாண்டி வருவான், வாயத் திற." "போலீஸ்காரர் வர்றார் பாரு." உன் அண்ணன் ஒரு பக்கம், தையல்காரர் மனைவி ஒரு பக்கம், நான் மட்டும் என்ன, நானும்தான். இந்தக் குழந்தைக்குத் தெரிந்து வருகிறவன் எவனும் நல்லவன் இல்லை!

மறுநாள் காலையிலிருந்து நான் என் வாயைக் கவனித்தேன். குழாயைத் திறந்தால் "தண்ணி வருது" என்கிறேன். அதனால்தான் பாத்ரூமை விட்டு ஓடுகிறாள். உன் அண்ணன் மூக்கைத் தேய்த்துக்கொண்டு "தும்மல் வருது" என்கிறார். "சிலிண்டர் வருது", "தூக்கம் வருதா", "மழ வரும்போல". எல்லாமே இவளுக்கு வாசலில் நிற்கிற ஆள்கள். கரண்ட்டோ "போச்சு". நாம் போச்சு என்று வாய்விட்டால் இவளுக்கு நிம்மதி! நேற்று உன் அண்ணன் கால் இடறி வாசலில் எல்லோரும் பார்க்க விழுந்தார். "மானம் போச்சு" என்றார். இவள் கைதட்டினாள் பார்.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். எனக்கு வரவு என்றால் நல்லது, செலவு என்றால் வயிற்றெரிச்சல். இவள் நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போகாமல் கடைப் பொட்டலக் காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள் நான். ஒரு சொல்லைக் கையில் எடுத்து, அது போகிற இடமெல்லாம் ஒரே பொருள் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு எத்தனை வயதானது! இவளுக்கு இரண்டரை. இதைப் பயம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. இலக்கணம் அம்மா இது, இலக்கணம். (காலுறைக்கும் பிஸ்கட்டுக்கும் இன்னும் காரணம் கண்டுபிடிக்கவில்லை.)

இப்போது முக்கியமான இடத்துக்குப் போகிறேன். இன்று காலை அவளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"அம்மாகிட்ட போலாமா?"

இறங்கி ஓடினாள். மேசைப் பக்கம் இல்லை. தன் ஷூவை எடுத்துக்கொண்டு வந்து, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொல்லி நின்றாள். "அம்மாட்ட போலாம். அத்த, போலாம்." தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டி வந்தேன். அம்மாவைக் காணோம் என்று அழுத அழுகை இருக்கிறதே, முந்தின அலறல் அதற்குக் கால் தூசி.

உன்னைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. நீ 'வருகிறாய்' என்பதுதான் பயம். அதனால் நீ இங்கே வராதே. வராதே என்றால் வரவே வராதே! நாங்கள் அங்கே வருகிறோம். பார், எனக்கே வாய் தவறுகிறது. போகிறோம்.

அந்தக் கம்பிக்காரரை உடனே திரும்பக் கூப்பிடு.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பி போட்டாகிவிட்டது. அவள் தலை நுழையாத இடைவெளிதானா என்று ஒரு தேங்காயை வைத்துப் பார்த்தேன். கம்பிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். வார்டில் இப்போது "டாக்டர் வர்றார்" என்று யாராவது சொன்னால் எனக்கும் கட்டிலுக்கு அடியில் போகத் தோன்றுகிறது.

பதினொன்றாம் தேதி ஸ்டேஷனில் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன். நிற்பேன் என்றால் நிற்பேன். ஓடி வந்து தூக்க மாட்டேன். ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். அவளாக நடக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் அன்றைக்குச் சரி என்று எழுதியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்தே இருக்காது. உங்களைத் தப்பு சொல்லவும் யாரும் இல்லை. ஏன் எழுதவில்லை அண்ணி?

உங்கள் நாத்தனார்


மார்ச் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நல்லபடியாக வீடு சேர்ந்தேன். உன் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

நீ பார்க்காத பாதியை உனக்கு எழுத வேண்டும். ரயிலில் அவள் ஒரு நொடி உட்காரவில்லை. எதிர்ச் சீட்டுப் பெரியவர், சப்பாத்திக்கு மாவு பிசைந்த மாதிரி கன்னம் உள்ளவர், "பாப்பா எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவள் எங்கே போகிறாள் என்று தெரியும். "நான் அம்மாட்ட போறேன். நீ?" என்று டிக்கெட் பரிசோதகரையே கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி, "நானும் எங்கம்மாகிட்ட போகணும்தாம்மா, லீவு தரமாட்டேங்கறாங்க" என்றார். பெட்டியே சிரித்தது. 'சிரிப்பு வருது' என்று யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்று எனக்குப் பக்கென்றது. சாமி காப்பாற்றினார்.

நீ மணிக்கூண்டுக்குக் கீழே மின்கம்பம் மாதிரி நின்றாய். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரிந்தது. அவள் என் விரலை விட்டுவிட்டு நடந்தாள். நீ கேட்டிருப்பாய், நானும் பின்னாலிருந்து கேட்டேன்.

"நீ நிக்கியா?"

"நிக்கிறேன்."

"வதமாட்டியே?"

"வரமாட்டேன். இங்கயேதான் இருக்கேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தூக்கினாளே! ஒரு அதிகாரி அனுமதி கொடுக்கிற மாதிரி! இந்தக் குழந்தையை நான் வளர்த்தேன் என்று அந்த நடைமேடை முழுக்கக் கூவ வேண்டும்போல இருந்தது எனக்கு.

அப்புறம் நான் புறப்பட்ட நேரம். நீ என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து நான் எந்த வாசலிலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் இறங்கியதில்லை. யாராவது வெறுமனே 'போறேன்' என்றால் வாயில் அடிப்பேன். ஆனால் அவள் உன் தோளில் இருந்துகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வரேன்' என்று சொல்லி அவளை உன் கழுத்துக்குள் ஒளியவைத்துவிட்டு ரயில் ஏற எனக்கு முடியவில்லை. "அத்தை போறேன்டி" என்றேன். அவள் கைதட்டினாள். ரயில் நகர்ந்து, முகம் மறைகிறவரைக்கும் கைதட்டினாள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. சாமியிடம் மட்டும், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி வைத்தேன்.

ஏன் சரி என்று எழுதவில்லை என்று கேட்டாய். நல்லவள் என்பதால் இல்லை. அந்தச் சொல்லை மனதுக்குள் நான் பலமுறை எழுதிப் பார்த்தவள்தான். பெருமைதான் காரணம். என் குழந்தை இப்படி ஒன்றைத் தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் யாரிடமாவது சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்திருக்கும். தையல்காரர் மனைவியிடம் சொன்னால் "ஐயோ பாவம்" என்பாள். உன் அண்ணன் மந்திரிக்க ஆள் பார்ப்பார். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னால் எனக்குச் சமமாகப் பூரித்துப்போக இந்த உலகத்தில் இன்னொருத்தி நீதான். உன்னிடம் சொல்லிவிட்டு அவளை நானே வைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

இனி நீதான் எழுத வேண்டும். புதிதாக எதற்குப் பயப்படுகிறாள், எதைத் தொடமாட்டேன் என்கிறாள், யாரைக் காப்பாற்றச் சொல்லிச் சாமியிடம் சிபாரிசு செய்கிறாள், எல்லாவற்றையும் எழுது. சின்னது என்று விடாதே.

ஒன்று கேட்கிறேன், செய். அவள் சாப்பிட்டு முடித்துக் குஷியாக இருக்கும்போது, "அத்தை வரட்டுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார். சிரித்தாள் என்றால் நான் பையை எடுக்கிறேன். ஓடினாள் என்றால் ஓடினாள் என்றே எழுது. என் மனசு நோகும் என்று மாற்றி எழுதாதே. எதுவாக இருந்தாலும் சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி