காலி மனைக்காரனுக்கு நான் விட்ட சாபம்

14 ஜூன் 1999, திங்கள்

பிரதாப்போட அம்மா சரோஜம்மா இன்னிக்கு வாயைத் திறந்துட்டாங்க. தையில் எனக்கும் பிரதாப்புக்கும் கல்யாணம். அதுக்குள்ள பெங்களூருல வீடு பார்க்கணுமாம், இல்லேன்னா நான் வேலையை விட்டுடணுமாம். "இந்த சாம்பியன் ரீப்ஸ்ல இருந்து தினம் ரயில்ல போய் வர்ற மருமக எனக்கு வாணாம். விடியறதுக்குள்ள போயி இருட்டினப்புறம் வந்தா, இன்னா குடும்பம் பண்ணுவே?"

பெத்த பிள்ளை பக்கத்துலயே உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைச்சுக்கிட்டு இருந்தான். பிஸ்கட் உடைஞ்சு டீக்குள்ள விழுந்துச்சு. நல்லா வேணும்.

பெங்களூருல ஏழு வருஷமா பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை. விடவே மாட்டேன். ஒரு வீடா கிடைக்காது?

15 ஜூன்

மரியகுழந்தையிடம் சொன்னேன். ரயில் சிநேகிதி, பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ரயில் கிளம்புற மாரிகுப்பத்திலேயே ஏறி, பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே சிரித்தாள். "பெங்களூருல வீடா? ஷைலு, இந்த ரயில்ல சீட்டு கிடைக்கிறதே பெரிய பாடு."

20 ஜூன், ஞாயிறு

பிரதாப்பும் நானும் பெங்களூரு ஓரத்துல, கிருஷ்ணராஜபுரத்தில் மூன்று வீடு பார்த்தோம்.

முதல் வீடு போன வருஷம் ஆயிரத்து இருநூறாம். இப்போ இரண்டாயிரம். ஏன்னு கேட்டேன். வீட்டுக்காரர் ஒயிட்ஃபீல்டு பக்கம் கையைக் காட்டினார். "கம்ப்யூட்டர் பசங்க மூணு பேர் சேர்ந்து மூவாயிரமே தருவாங்க. நீங்க பாவம்னு குறைச்சுச் சொல்றேன்." என் மொத்தச் சம்பளமே மூவாயிரம்! அதுக்கு மேல பத்து மாச அட்வான்ஸ்.

அடுத்த வீட்டுச் சமையலறையில் பிரதாப் கையை விரித்தான். ரெண்டு சுவரும் தொட்டுச்சு.

கடைசி வீட்டுக்காரம்மா, நாங்க மீன் சாப்பிடுவோமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கதவு சாத்தியாச்சு.

வேடிக்கை என்னன்னா, அங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லேஅவுட்டில் வீடு பத்து, காலி மனை முப்பது. எல்லாரும் வாங்கிப் போட்டு, விலை ஏறட்டும்னு உட்கார்ந்திருக்காங்களாம். கட்டினால்தானே வாடகை இறங்கும்? 47-ம் நம்பர் மனையில் ஆமணக்குச் செடியும் ஒரு எருமையும் குடித்தனம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எவன்டா நீ? உன் வீட்டுக் குழாயில காத்துதான்டா வரும்!" எருமை தலையாட்டிச்சு.

18 ஜூலை

இதுவரை ஒன்பது வீடு. ஒன்றும் இல்லை.

1 ஆகஸ்ட், ஞாயிறு

சாப்பிடும்போது அழுதுட்டேன். வேலை போயிடும் போலிருக்கே நைனான்னு ஆரம்பிச்சு, 47-ம் நம்பர்க்காரனை இன்னொரு தடவை திட்டித் தீர்த்தேன். நைனாவின் கை சோத்திலேயே நின்னுடுச்சு.

"எத்தினி நம்பர் சொன்னே?"

எழுந்து போய் டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். மனை எண் 47. சொந்தக்காரர்: ராஜப்பா. என்னைப் பெத்த நைனாவேதான்!

"தங்க மைன்ஸ்ல ரிட்டயர் ஆனப்ப வாங்கினது. உன் கல்யாணத்துக்கு வித்துக்கலாம்னு வெச்சிருந்தேன். அது பாட்டுக்கு ஏறிக்கினு கீது…"

அய்யோ. எருமை முன்னாடி யாரைத் திட்டினேன் நான்?

2 ஆகஸ்ட்

"அதுல ஒரு ரூம் கட்டிக் குடுங்க நைனா."

"இன்னும் ரெண்டு வருஷம் போட்டும்மா. ரெட்டிப்பு ஆயிடும்."

"அதுக்குள்ள எனக்குக் கல்யாணமும் ஆயிடும், வேலையும் போயிடும்!"

தட்டை நங்குனு வெச்சுட்டு வந்துட்டேன். பேசப் போறதில்லை.

29 ஆகஸ்ட்

நைனா இறங்கி வந்துட்டார். பாதி மனையை வித்து, அந்தக் காசில் மீதிப் பாதியில் வீடு. வாங்கினவர் எப்போ கட்டப் போறார்னு நைனா கேட்டாராம். "இப்ப என்ன அவசரம், ஏறட்டும்"னாராம். எருமைக்குப் பாதி வீடு மிச்சம்.

6 பிப்ரவரி 2000

கல்யாணம் முடிஞ்சுது. புது வீடு. வேலையும் போகல, சரோஜம்மாவுக்கும் வாய் அடைச்சுப் போச்சு. அதே ரயில்தான், கிருஷ்ணராஜபுரத்தில் ஏறுறேன். அதுவரைக்கும் மரியகுழந்தை என் சீட்டில் பையை வெச்சுக்கிட்டு, கேட்கிறவங்களோட எல்லாம் சண்டை போடுறாள். இவளைப் போல யார் இருக்கா!

12 நவம்பர்

கடன் வாங்கி மாடியில் ஒரு ரூம் போட்டோம். காலையில் வாடகைக்குன்னு போர்டு மாட்டினோம், மதியத்துக்குள் ஐந்து பேர் கேட்டுட்டாங்க. பிரதாப் காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறான்.

14 நவம்பர்

ரயிலில் மரியகுழந்தை கேட்டாள். "மாடி ரூமை எனக்குக் குடேன்டி. அம்மாவை வாரம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வரணும். அங்கிருந்து முடியல."

சரின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. "ரெண்டாயிரத்து ஐநூறு. பத்து மாச அட்வான்ஸ்"னு வந்துச்சு.

யார் பேசினது? நானா? "உனக்குன்னா ஒன்பது மாசமா பண்ணிக்கலாம்"னு வேற சேர்த்தேன். அவள் பீன்ஸ் உரிக்கிறதை நிறுத்தவே இல்லை.

15 நவம்பர்

என் சீட்டில் வேற யாரோ ஒரு அம்மா. பை மரியகுழந்தை மடியில். கன்டோன்மென்ட் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தாள்.

17 நவம்பர்

இன்னிக்கும் நின்னேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவக் குழாயைத் திறந்தால் புஸ்ஸுனு காத்துதான் வருது. தண்ணி ஒரு சொட்டு இல்லை. பிளம்பரைக் கூப்பிடட்டுமான்னு பிரதாப் கேட்டான். "பிளம்பர் வேணாம். முதல்ல அந்த போர்டைக் கழட்டு, நாளைக்கு மரியகுழந்தைகிட்ட பேசணும்"னேன். குழாய்க்கும் மரியகுழந்தைக்கும் என்ன சம்பந்தம்னு அவனுக்கு விளங்கல.